என்ஜின் சீக்கிரம் தேய்ந்தால் யார் பொறுப்பு?

பைக் வாங்கி இரண்டு வருடம்கூட ஆகியிருக்காது. என்ஜினில் டக் டக் என்று ஒரு சத்தம். ஷோரூமில் விட்டால் மறுநாள் போன் வருகிறது: "சார், கேம் ஷாஃப்ட் தேஞ்சிருக்கு. தேய்மானத்துக்கு வாரண்டி வராது." கூடவே ஒரு எஸ்டிமேட்.

கடலூரிலும் புதுச்சேரியிலும் நாலு பைக்காரர்கள் சேரும் டீக்கடையில் இந்தப் பேச்சு அடிக்கடி வரும். கம்பெனிக்காரன் ஏமாற்றுகிறான் என்பார் ஒருவர். நீ ஒழுங்கா ஆயில் மாத்தியிருக்க மாட்டே என்பார் இன்னொருவர். கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போனால் புது வண்டியே கொடுப்பார்கள் என்பார் மூன்றாமவர். எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, எதிலும் முழு உண்மை இல்லை. இதனால் நியாயமாக இலவசமாகக் கிடைக்க வேண்டிய வேலைக்குக் கைக்காசு கொடுத்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. தங்கள் பக்கம் தவறு இருந்தும் மாதக்கணக்கில் ஷோரூமோடு மல்லுக்கட்டுகிறவர்களும் உண்டு. இரண்டுமே எனக்கு வருத்தமாக இருக்கிறது. என்ஜினைப் பற்றி ஒன்றும் தெரியாதவருக்கும் விளங்கும்படி, அடியிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன்.

தேய்வது சகஜம். ஏன் தேய்ந்தது என்பதுதான் கேள்வி

கிணற்றுக் கயிற்றை எடுத்துக்கொள்ளுங்கள். தினமும் நீர் இறைத்தால் கயிறு நைந்துதான் போகும். சில வருடம் உழைத்து, முழு நீளத்துக்கும் ஒரே மாதிரி நைந்திருந்தால் யாரையும் குறை சொல்ல முடியாது. மூன்றே மாதத்தில் நைந்து, அதுவும் எல்லா இடமும் நன்றாக இருக்க ஒரே இடத்தில் மட்டும் அறுபட்டிருந்தால், ராட்டினத்தின் விளிம்பில் ஏதோ உடைந்திருக்கிறதா என்று பார்ப்போம். ராட்டினமும் வழவழப்பாக இருந்து, கயிற்றின் புரி தானாகப் பிரிந்து வந்தால், திரித்தவரிடம்தான் கேட்க வேண்டும். குடத்துக்குப் பதில் அண்டாவைக் கட்டி இறைத்திருந்தால் தவறு நம்முடையது.

நான்கிலும் கயிறு தேய்ந்துதான் போயிருக்கிறது. காரணம் மட்டும் வேறு வேறு. காரணத்துக்கு ஏற்பப் பொறுப்பும் மாறுகிறது. "தேய்ந்திருக்கிறது" என்று மட்டும் சொல்வது, காய்ச்சலோடு வந்தவரிடம் "உடம்பு சுடுகிறது" என்று சொல்லி அனுப்புவதற்குச் சமம். ஏன் என்ற கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

என்ஜினுக்குள் எது எதோடு உரசுகிறது

பெட்ரோல் எரியும் குழாய் போன்ற அறைக்கு சிலிண்டர் என்று பெயர். அதற்குள் மேலும் கீழும் ஓடுவது பிஸ்டன். பிஸ்டனைச் சுற்றி இருக்கும் மெல்லிய வளையங்கள்தான் ரிங். எரிந்த வாயு கீழே இறங்காமலும், கீழே உள்ள ஆயில் மேலே ஏறாமலும் தடுப்பது ரிங்கின் வேலை. சிலிண்டருக்கு மேலே, காற்று வரும் வழியையும் புகை போகும் வழியையும் திறந்து மூடும் கதவுகள் வால்வு. வால்வை நேரம் தவறாமல் அமுக்கிவிடுவது, ஒரு பக்கம் மேடு வைத்த சுழலும் தண்டு. அதுதான் கேம் ஷாஃப்ட். கேமின் மேட்டுக்கும் வால்வுக்கும் நடுவில் நெம்புகோல் மாதிரி இருப்பது ராக்கர்.

நிமிடத்துக்கு 6,000 சுற்று ஓடும்போது பிஸ்டன் ஒரு நொடிக்கு நூறு முறை மேலே போய்க் கீழே வருகிறது. பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். இந்த வேகத்தில் உலோகமும் உலோகமும் நேராகத் தொட்டால் சில நிமிடங்களில் கதை முடிந்துவிடும். முடியாமல் காப்பாற்றுவது நடுவில் நிற்கும் ஆயில் படலம். பாகம் வேகமாக ஓட ஓட, ஆயில் தானாக இடுக்குக்குள் இழுக்கப்பட்டு இரண்டு உலோகத்தையும் பிரித்து நிறுத்துகிறது. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது இந்தப் படலம் நன்றாக நிற்கும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்யும் முதல் சில நொடிகளில், ஆயில் மேலே ஏறி வரும்வரை, படலம் மெலிந்திருக்கும். ஸ்டார்ட் செய்ததும் ஆக்சிலேட்டரை முறுக்காதே என்று பழைய மெக்கானிக்குகள் திட்டுவது அதனால்தான்.

புது வண்டிக்கு முதல் சர்வீஸ் 500 முதல் 1,000 கிலோமீட்டருக்குள் வருவதற்கும் காரணம் இருக்கிறது. புதுப் பாகங்கள் ஒன்றோடொன்று பழகும்போது மேற்பரப்பில் உள்ள நுண்ணிய மேடுகள் உதிர்ந்து ஆயிலில் கலக்கின்றன. அந்தத் தூளை வெளியேற்றத்தான் ஆயிலைச் சீக்கிரம் மாற்றுகிறார்கள். அந்த ஆரம்பத் தேய்மானம் நல்லது. அதற்குப் பிறகு பல ஆயிரம் கிலோமீட்டருக்குத் தேய்மானம் மிக மெதுவாகத்தான் நடக்க வேண்டும்.

இதுவரை சொன்னதன் சாரம்: தேய்மானம் எல்லா என்ஜினிலும் உண்டு. அதன் வேகத்தைக் கட்டுக்குள் வைப்பது ஆயில் படலமும் பாகத்தின் தரமும். வேகம் கூடினால் இந்த இரண்டில் ஒன்று கெட்டிருக்கிறது.

தேய்ந்த பாகத்தின் முகத்தைப் பார்த்தால் தெரியும்

தேய்ந்த பாகத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் காரணத்தின் அடையாளம் பெரும்பாலும் அதிலேயே இருக்கும். தூசியால் தேய்ந்திருந்தால் சிலிண்டர் சுவரில் மேலிருந்து கீழாக மெல்லிய கோடுகள் ஓடும். ஏர் ஃபில்டர் கிழிந்திருந்தாலோ சரியாக உட்காராமல் இருந்தாலோ மண் துகள் உள்ளே போய் இந்தக் கோடுகளைப் போடுகிறது. ஆயில் குறைந்தோ சூடு ஏறியோ தேய்ந்திருந்தால் பிஸ்டனின் பக்கவாட்டில் அலுமினியம் இழுபட்டு அப்பியிருக்கும். "பிஸ்டன் பிடிச்சிடுச்சு" என்று சொல்வது இதைத்தான். தண்ணீர் உள்ளே போயிருந்தால் துரு, அல்லது அரித்த புள்ளிகள்.

நான்காவது வகை, பாகமே சரியாகச் செய்யப்படாதது. அதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் வாரண்டிச் சண்டைகள் பலவும் இங்கேதான் வருகின்றன. கேம் ஷாஃப்டின் மேடு முழுக்க ஒரே கடினத்தில் இருப்பதில்லை. சூடுபடுத்தி, மேற்பரப்பை மட்டும் மிகவும் கெட்டியாக்குகிறார்கள். அந்தக் கெட்டித் தோலின் ஆழம் ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். உள்ளே உள்ள இரும்பு சற்று மிருதுவானது, அப்போதுதான் தண்டு உடையாது. தொழிற்சாலையில் அந்தச் சூடுபடுத்தும் வேலை சரியாக நடக்கவில்லை என்றால் தோல் மெல்லியதாகவோ கெட்டி போதாமலோ நிற்கும். ராக்கர் லட்சக்கணக்கான முறை அழுத்த அழுத்த, மேற்பரப்பின் அடியில் நுண்ணிய விரிசல் விட்டு, சிறு சிறு சில்லுகளாகப் பெயர்ந்து குழி விழும். குழி விழுந்த பிறகு வேகம் பிடித்துக்கொள்ளும். உதிர்ந்த சில்லு ஆயிலில் கலந்து மற்ற பாகங்களையும் சுரண்டும்.

திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் இப்படி ஒரு கேமைச் செய்தித்தாளில் வைத்து மெக்கானிக் காட்டினார். இரண்டு மேடுகளில் ஒன்று கண்ணாடி மாதிரி மின்னியது. மற்றதன் உச்சியில் சாம்பல் நிறத்தில் சொரசொரப்பு. "நகத்தால தடவிப் பாரு தம்பி" என்றார். முதல் மேட்டில் நகம் வழுக்கிக்கொண்டு போயிற்று. இரண்டாவதில் ஒவ்வொரு குழியிலும் சிக்கியது. ஒரே ஆயில், ஒரே ஓட்டம், ஒரே தண்டு. சிலிண்டரில் கோடு இல்லை, பிஸ்டன் சுத்தமாக இருந்தது. ஆயிலை மாற்றாமல் விட்டதுதான் காரணம் என்றால் கேடு ஒரு மேட்டோடு நின்றிருக்குமா? இந்தக் கேள்வியை ஷோரூமில் கேட்க வேண்டும்.

இதுவே முடிந்த ஆதாரம் என்றும் சொல்லிவிட முடியாது. அந்த மேட்டுக்கு மட்டும் ஆயில் போகும் துளை அடைத்திருந்தாலும் இதே மாதிரி குழி விழலாம். துளை தொழிற்சாலையிலிருந்தே அடைந்து வந்ததா, ஆயிலை மாற்றாமல் விட்டதால் கசடு அடைத்ததா என்பது அடுத்த கேள்வி. கடினத்தை அளக்கக் கருவி உண்டு, தேய்மானத்தை அளக்க மைக்ரோமீட்டர் உண்டு. ஒவ்வொரு பாகமும் எந்த அளவு வரை தேயலாம் என்பது கம்பெனியின் சர்வீஸ் மேனுவலில் எண்ணாகவே இருக்கிறது. அந்த எண்ணைத் தாண்டியிருக்கிறதா என்பதை வாய்ப்பேச்சில் முடிவு செய்ய வேண்டிய அவசியமே இல்லை.

நம் பக்கத்து மண், தண்ணீர், ஓட்டம்

கம்பெனியைக் கேட்கும் முன் நம் பக்கத்தையும் பார்த்துவிட வேண்டும். பண்ருட்டி, ஆரோவில் பக்கத்துச் செம்மண் ரோட்டில் தினமும் போகிறவரின் ஏர் ஃபில்டர், தார் ரோட்டில் மட்டும் ஓட்டுகிறவருடையதைவிடச் சீக்கிரம் அடைக்கும். தூசி மிகுந்த இடத்தில் முன்னதாகவே மாற்றச் சொல்லி, வண்டியோடு தரும் மேனுவலிலேயே எழுதியிருப்பார்கள். அந்த வரியை யாரும் படிப்பதில்லை.

வீட்டிலிருந்து மார்க்கெட், மார்க்கெட்டிலிருந்து பள்ளிக்கூடம் என்று இரண்டு இரண்டு கிலோமீட்டராக ஓட்டுகிறவர் "என் வண்டி ஓடவே இல்லையே" என்று நினைப்பார். பெட்ரோல் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. என்ஜின் நன்றாகச் சூடேறினால் அது வெளியேறிவிடும். சூடேறும் முன்பே அணைத்து அணைத்து ஓட்டினால் உள்ளேயே குளிர்ந்து ஆயிலில் கலக்கும். ஆயில் மூடியின் அடியில் மோர் நிறத்தில் ஒரு படிவு தெரிந்தால் அதுதான். இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை மாதம், எது முதலில் வருகிறதோ அப்போது ஆயிலை மாற்று என்று மேனுவல் சொல்வது இவர்களுக்காகவும்தான்.

100, 125 சிசி வண்டிகளில் மொத்த ஆயிலே சுமார் ஒரு லிட்டர். அதில் 300 மில்லி குறைந்தால் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நேராக நிறுத்தி, ஆயில் குச்சியைத் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும். பல வண்டிகளில் குச்சியைத் திருகாமல் சும்மா உள்ளே வைத்துத்தான் அளக்க வேண்டும். திருகி அளந்தால் இருப்பதைவிட அதிகமாகக் காட்டும்.

கார் ஆயில் மீந்திருக்கிறது என்று பைக்கில் ஊற்றுவதும் வேண்டாம். பெரும்பாலான பைக்கில் என்ஜினுக்கும் கியருக்கும் கிளட்சுக்கும் ஒரே ஆயில். கார் ஆயிலில் வழுக்கலைக் கூட்டும் பொருள் இருந்தால் கிளட்ச் வழுக்கத் தொடங்கும். டப்பாவில் ஜாஸோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அது பைக் ஆயிலுக்கான தரக்குறி.

அப்புறம் வெள்ளம். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அடுத்து தென்பெண்ணை கரைபுரண்டு கடலூரிலும் வீடுகளுக்குள் தண்ணீர் வந்தது. மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் ஆகிறதா பார்ப்போம் என்று செல்ஃப் அடித்தால், சிலிண்டருக்குள் நிற்கும் தண்ணீர் அமுங்காது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையும். மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது, வேறு வண்டியில் ஏற்றித்தான் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும். இது வாரண்டியில் வராது. சொந்தச் சேதத்துக்கும் சேர்த்து இன்சூரன்ஸ் எடுத்திருந்தால் அங்கே கேட்கலாம். வெறும் தேர்டு பார்ட்டி பாலிசி இதற்கு உதவாது.

வாரண்டி எதற்கு உத்தரவாதம் தருகிறது

வாரண்டி என்பது தயாரிப்பாளர் தரும் எழுத்துப்பூர்வ வாக்குறுதி. பாகத்தின் பொருளிலோ செய்த வேலையிலோ குறை இருந்து, குறிப்பிட்ட காலத்துக்குள் தெரிய வந்தால், அந்தப் பாகத்தை இலவசமாகச் சரிசெய்து தருவேன் அல்லது மாற்றித் தருவேன் என்பதுதான் அதன் உள்ளடக்கம். பிரேக் ஷூ, கிளட்ச் பிளேட், ஸ்பார்க் பிளக், ஃபில்டர், கேபிள், ரப்பர் போன்றவை தேய்வதற்கென்றே இருப்பவை, அவற்றைத் தனியாக ஒதுக்கியிருப்பார்கள். "சாதாரணத் தேய்மானம்" என்பதையும் ஒதுக்கியிருப்பார்கள்.

அங்கே "சாதாரண" என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். ஷோரூமில் பேசும்போது அது காணாமல் போய், "தேய்மானத்துக்கு வாரண்டி இல்லை" என்று சுருங்கிவிடுகிறது. பல்லாயிரம் கிலோமீட்டர் ஓட வேண்டிய கேம் ஷாஃப்ட் 15,000 கிலோமீட்டரில் குழி விழுந்தால், அந்தத் தேய்மானமே பாகத்தில் உள்ள குறையின் அறிகுறியாக இருக்கலாம். தேய்ந்திருக்கிறது என்பதால் மட்டும் வாரண்டி போய்விடாது. ஒரு பாகத்தின் குறையால் இன்னொரு நல்ல பாகம் கெட்டிருந்தால், கெட்ட ரிங்கை மட்டும் பார்த்து முடிவு சொல்லாமல் சிலிண்டரையும் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம்.

காலமும் கிலோமீட்டரும் சேர்ந்துதான் வாரண்டி. எது முதலில் முடிகிறதோ அதோடு முடிந்தது. கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு வேலைக்குப் போய் வருகிறவருக்கு நாளைக்குச் சுமார் 45 கிலோமீட்டர். வருடத்தில் 300 நாள் என்றால் 13,500. "மூன்று வருடம் அல்லது 30,000 கிலோமீட்டர்" என்ற வாரண்டி அவருக்கு இரண்டே கால் வருடத்துக்குள் முடிந்துவிடும். சின்னச் சத்தம்தானே, அடுத்த சர்வீஸில் பார்த்துக்கொள்ளலாம் என்று இவர்கள் தள்ளிப்போடக் கூடாது. வாரண்டிக்குள் சத்தம் தொடங்கியது என்பது, வண்டியை விடும்போது ஷோரூமில் எழுதும் ஜாப் கார்டில் பதிவாகியிருக்க வேண்டும்.

வெளியே சர்வீஸ் விட்டால் வாரண்டி மொத்தமாகப் போய்விடுமா? வெளி மெக்கானிக்கின் வேலையால்தான் கேடு வந்தது என்றால் கம்பெனி மறுப்பது நியாயம். வெளியே விட்டாய் என்ற ஒரே காரணத்துக்காக எல்லாவற்றையும் மறுப்பது வேறு விஷயம். 2014-இல், நிறுவனங்கள் நியாயமாகப் போட்டியிடுகின்றனவா என்று பார்க்கும் இந்தியப் போட்டி ஆணையம், 14 கார் நிறுவனங்கள் மீதான உத்தரவில் இப்படிப் பொத்தாம்பொதுவாக வாரண்டியை ரத்து செய்வதைத் தவறு என்றது. அது கார் நிறுவனங்கள் மீதான வழக்கு, பைக்குக்கு அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வாரண்டி முடியும்வரை நேரத்துக்கு அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சர்வீஸ் விட்டு பில்லை வைத்திருப்பதுதான் பத்திரம் என்பது என் கருத்து.

சுருக்கமாக: வாரண்டி குறைக்கு உண்டு, சாதாரணத் தேய்மானத்துக்கு இல்லை. குறையால் வந்த தேய்மானம் குறைக் கணக்கில்தான் சேர வேண்டும். அது எந்தக் கணக்கு என்பதைப் பாகத்தைப் பார்த்து, அளந்து சொல்ல வேண்டும்.

ஷோரூமில் என்ன கேட்பது

சர்வீஸ் அட்வைசர் நம் எதிரி அல்ல. வாரண்டி தருவது தயாரிப்பாளர். டீலர் வேலையைச் செய்துவிட்டு, காரணத்தைக் காட்டிக் கம்பெனியிடம் செலவைத் திரும்பக் கேட்கிறார். காரணம் தெளிவாக இல்லையென்றால் அவருக்குப் பணம் வராது. அதனால் அவர் காரணத்தை எழுதுவதற்கு நாம் உதவ வேண்டும்.

என்ஜினைப் பிரிக்கும்போது கூட இருக்கலாமா என்று கேளுங்கள். முடியாது என்றால் பிரித்ததும் போட்டோ, வீடியோ கேளுங்கள். தேய்ந்த பாகம், நன்றாக இருக்கும் பக்கத்துப் பாகம், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர் எல்லாமே படத்தில் வரட்டும். வாரண்டி மறுக்கப்பட்டால் எந்த விதியின்படி, என்ன அளவு எடுத்து, என்ன காரணம் கண்டு மறுக்கிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்கும் இதையே மின்னஞ்சலில் அனுப்புங்கள். எழுத்தில் கேட்டால், "தேய்ஞ்சிருக்கு சார்" என்ற ஒற்றை வரியோடு முடிக்க அவர்களுக்குக் கஷ்டமாக இருக்கும்.

காசு கட்டி மாற்றினால் பழைய பாகம் உங்களுடையது, கேட்டு வாங்கிவிடுங்கள். வாரண்டியில் மாற்றினால் பழைய பாகத்தைக் கம்பெனி எடுத்துக்கொள்ளும், அதனால் முன்பே படம் எடுத்துவிடுங்கள். புதுப் பாகத்தின் பார்ட் நம்பரையும் பழையதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நம்பரோ அதன் கடைசி எழுத்தோ மாறியிருந்தால் கம்பெனி அந்தப் பாகத்தில் ஏதோ மாற்றம் செய்திருக்கிறது. பழையதில் குறை இருந்தது என்று அது நிரூபிக்காது, ஆனால் என்ன மாற்றினீர்கள் என்று கேட்க நல்ல காரணம்.

சில கம்பெனிகள் வாரண்டி முடிந்த பிறகும் பாகத்தின் விலையில் பாதியை ஏற்றுக்கொள்வதுண்டு. அதை நல்லெண்ணம் என்பார்கள். அது உரிமை ஆகாது. ஆனால் சர்வீஸ் பில் எல்லாம் ஒழுங்காக வைத்திருக்கிறவர் தயங்காமல் கேட்டுப் பார்க்கலாம்.

சட்டம் எதுவரை துணை வரும்

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. குறையுள்ள பொருளுக்குத் தயாரிப்பாளரைப் பொறுப்பாக்கும் தனி அத்தியாயமே அதில் இருக்கிறது. எழுத்தில் தந்த வாக்குறுதிப்படி பொருள் இல்லையென்றால், கவனக்குறைவு எங்களிடம் இல்லை என்று சொல்லித் தயாரிப்பாளர் தப்பிக்க முடியாது.

ஆனால் புது வண்டியே கிடைக்கும் என்ற டீக்கடைப் பேச்சை நம்பிப் போகாதீர்கள். ஒரு காரில் வந்த குறை பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006-இல், வாரண்டி பாகத்தை மாற்றித் தருவதாகத்தான் சொல்கிறது, முழு வண்டியையும் மாற்றச் சொல்ல முடியாது என்ற நிலையை எடுத்தது. தேய்ந்த கேமுக்கு, கேமும் அதனால் கெட்ட மற்ற பாகங்களும், அலைந்ததற்கு நஷ்ட ஈடும் என்று கேட்பதே நடைமுறைக்கு ஒத்து வரும்.

குறை இருந்தது என்று காட்டும் சுமை புகார் கொடுப்பவர் மேல்தான். நிபுணர் கருத்து இல்லாமல் போன வழக்குகள் பல தோற்றிருக்கின்றன. ஆய்வகப் பரிசோதனை இல்லாமல் குறையைத் தீர்மானிக்க முடியாது என்றால், பொருளை ஆய்வகத்துக்கு அனுப்ப நுகர்வோர் ஆணையத்துக்கு, அதாவது கன்ஸ்யூமர் கோர்ட்டுக்கு, சட்டத்திலேயே அதிகாரம் இருக்கிறது. பாகம் கையில் இருந்தால்தான் அனுப்ப முடியும். பழைய பாகத்தை ஆயில் தடவி, துருப்பிடிக்காமல் பொதிந்து வையுங்கள், கடலோரக் காற்றில் இரும்பு சீக்கிரம் துருவேறிவிடும்.

முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம். கம்பெனிக்கே அனுப்பிப் பேசிப் பார்ப்பார்கள், பலருக்கு அதிலேயே முடிந்துவிடுகிறது. முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வண்டியின் விலை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுத்துவிட வேண்டும். வாரண்டி தேதி முடிந்தது என்பதாலேயே இந்த உரிமை தானாகப் போய்விடாது, ஆனால் வாரண்டி முடிந்தபின் நிரூபிப்பது இன்னும் கடினம்.

எல்லைதாண்டி வண்டி வாங்குகிறவர்களுக்கு ஒரு விஷயம். புதுச்சேரி ஷோரூமில் வாங்கிவிட்டு கடலூரில் குடியிருப்பவர், புகாருக்காகப் புதுச்சேரிக்கே அலைய வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருப்பார். பழைய சட்டத்தில் எதிர்த்தரப்பு இருக்கும் இடம் அல்லது பிரச்சினை எழுந்த இடத்தில்தான் வழக்குப் போட முடியும். 2019 சட்டத்தின்படி புகார்தாரர் வசிக்கும் இடத்திலோ வேலை பார்க்கும் இடத்திலோ உள்ள மாவட்ட ஆணையத்திலும் கொடுக்கலாம். கடலூர்க்காரர் கடலூரிலேயே கொடுக்கலாம். கம்பெனியின் தலைமை அலுவலகம் எந்த மாநிலத்தில் இருந்தாலும் அவர்கள்தான் இங்கே வந்து பதில் சொல்ல வேண்டும்.